புறா விரட்டப் போன டி.வி.டி.!

ஒரு நிமிஷம்... படிக்கிறதை நிறுத்திட்டு, உங்க வீட்டு டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கிற டிராயரை இழுத்துப் பாருங்க. பழைய சார்ஜர், செத்துப்போன ரிமோட், யாரோ கொடுத்த கீ-செயின்... இதுக்கெல்லாம் அடியில் ரோஜாப்பூ படம் போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா கிடக்கும். மேலே மாப்பிள்ளை, பொண்ணு பேர் தங்கக் கலரில் மின்னும். அக்கா கல்யாணமோ, மாமா கல்யாணமோ, உங்க காதுகுத்தோ... ஏதோ ஒண்ணு. கிடைச்சுதா? அதை மேஜை மேல் எடுத்து வச்சுட்டு வாங்க, பேசலாம்.

எங்க வீட்டு டப்பாவில் மூணு டிஸ்க். 2008-ல் திண்டுக்கல்லில் நடந்த சித்தப்பா கல்யாணம். எனக்கு அப்போ மூணு வயசு. மேடையில் யாரோ ஒருத்தர் இடுப்பில் உட்கார்ந்துகிட்டு மைசூர்பாகைத் தின்னுட்டு இருப்பேன். அதுவா முக்கியம்? முக்கியம் எங்க தாத்தா! அரசு பஸ்ஸில் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். வரவேற்பு மேடையில் மைக்கைப் பிடிச்சு, ''ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாச்சு. ஏறி உட்காருங்க... ரைட், போலாம்!''னு சொல்லி, சட்டைப் பையில் இருந்து விசிலை எடுத்து ஊதினாராம். மண்டபமே சிரிச்சுதாம். எல்லாமே 'தாம்'தான். எனக்கு ஞாபகம் இல்லையே! 2010-ல் தாத்தா தவறிட்டார். அவர் குரல் பதிவாகி இருக்கிறது அந்த ஒரு டிஸ்க்கில் மட்டும்தான்.

ப்ளஸ் டூ முடிச்ச லீவில், 2023 மே மாசம், நான் எங்க குடும்பத்தின் கம்ப்யூட்டர் எக்ஸ்பர்ட் ஆனேன். (வீட்டில் யாருக்கு வை-ஃபை பாஸ்வேர்டு மாத்தத் தெரியுதோ, அவங்கதான் எக்ஸ்பர்ட்!) என் லேப்டாப்பில் டிஸ்க் போடவே இடம் கிடையாது. எதிர் வீட்டு அண்ணன்கிட்ட யு.எஸ்.பி. டி.வி.டி. டிரைவ் கடன் வாங்கினேன். 'ஹேண்ட்பிரேக்'னு ஒரு இலவச சாஃப்ட்வேரை இறக்கினேன். டிஸ்க்கைப் போட்டு, ஸ்டார்ட் பட்டனைத் தட்டினேன். டிஸ்க்குக்கு ஒரு எம்.பி.4 ஃபைல். மூணும் சேர்ந்து ஒரு ஜி.பி.கூட இல்லை. சும்மா பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தேன். நாதஸ்வரம் கேட்டுது, மாலை மாத்தினாங்க. ஓ.கே!

''இனிமே இந்தத் தட்டு வேணுமாடி?''னு அம்மா கேட்டாங்க.

''வேணாம்மா, எல்லாத்தையும் லேப்டாப்ல ஏத்திட்டேன்''னு கெத்தா சொன்னேன். அந்த 'எல்லாத்தையும்'தான் அப்புறம் என் உயிரை வாங்கிச்சு.

இந்த 2025 மே மாசம் செமஸ்டர் லீவில் வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தப்பா போன் பண்ணினார். ''கல்யாண நாள் வருதும்மா. தாத்தா விசில் ஊதுற இடத்தை மட்டும் வெட்டி அனுப்புறியா?'' 'இதோ'னு ஃபைலைத் திறந்தேன். ஒரு மணி நாற்பது நிமிஷத்தை மூணு தடவை ஓட்டினேன். தாத்தா இல்லவே இல்லை! பந்தியில் ரசம் ஊத்துறவர்கூட ரெண்டு நிமிஷம் வர்றார், தாத்தா இல்லை. சரி, டிஸ்க்கில் பார்ப்போம்னு தேடினால், டப்பா காலி. ''அதுவா? நீதானே வேணாம்னே... புறாத் தொல்லை தாங்கலைன்னு பால்கனியில கட்டிவிட்டேன்''னு அம்மா கை காட்டினாங்க. கத்திரி வெயிலில், கயிற்றில், மூணு டிஸ்க்கும் பளபளன்னு சுத்திட்டு இருந்துச்சு. மூணு வாரமா!

என் கதை அப்புறம். நீங்க இதே குழியில் விழாமல் இருக்கணும்னா, டி.வி.டி.க்குள் என்ன இருக்குன்னு முதலில் தெரியணும். கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தால் 'வீடியோ டி.எஸ்.'னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுக்குள்ளே வி.ஓ.பி.னு முடியுற ஃபைல்கள்தான் படமும் சத்தமும் கட்டி வச்ச மூட்டைகள். ஒரு மூட்டை 1 ஜி.பி.யைத் தாண்டாது. பெரிய படம்னா வரிசையா நாலஞ்சு மூட்டை. எந்த மூட்டையில் எது எங்கே இருக்குன்னு சொல்ற வழிகாட்டிதான் ஐ.எஃப்.ஓ. அந்த வழிகாட்டிக்கு ஒரு நகல் பி.யு.பி. (டி.வி.டி.யை டிசைன் பண்ணினவங்களே பேக்கப் வச்சிருக்காங்க பாருங்க... நமக்குத்தான் புத்தி இல்லை!)

இப்போ விஷயத்துக்கு வர்றேன். ஒரு டிஸ்க்கில் இருக்கிறது ஒரே படம் இல்லை. 'டைட்டில்' 'டைட்டிலா' பிரிச்சு வச்சிருப்பாங்க. இதயம் சுத்துற மெனு வருமே, ஞாபகம் இருக்கா? அதில் 'முகூர்த்தம்', 'வரவேற்பு', 'வாழ்த்துரை'னு பட்டன் இருக்கும். ஒவ்வொண்ணும் தனித்தனி டைட்டிலா இருக்கலாம். ஹேண்ட்பிரேக் என்ன பண்ணும் தெரியுமா? சினிமா டிஸ்க்கை மனசில் வச்சு, நீளமான டைட்டில்தான் மெயின் படம்னு அதையே முதலில் எடுத்துக் காட்டும். பக்கத்திலேயே மத்த டைட்டில்களின் பட்டியலும் இருக்கு. நான்தான் பார்க்கலை. தாத்தா இருந்தது மூணாவது டைட்டிலில்!

ஆக, 'பேக்கப்'னு ஒரே வார்த்தையில் சொல்றோமே தவிர, வழிகள் நாலு. நாலும் வேற வேற ஆளுங்களுக்கு.

சோம்பேறி வழி, அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி-பேஸ்ட் பண்றது. கல்யாண டிஸ்க்கில் பூட்டு எதுவும் இருக்காது என்பதால் இது வேலை செய்யும். மெனு உட்பட எல்லாம் வந்துடும். ஆனா, டிஸ்க்கில் எங்கேயாவது கீறல் இருந்தால், பாதியில் எரர் காட்டிட்டு நின்னுடும்.

ரெண்டாவது, ஐ.எஸ்.ஓ. இதுதான் என் கட்சி. டிஸ்க்கின் முதல் பிட்டில் இருந்து கடைசி பிட் வரைக்கும் வரிசை மாறாமல் ஒரே ஃபைலா அச்சு எடுக்கிறது. மெனு, டைட்டில், பின்னணியில் ஓடுற பாட்டு, ஸ்டுடியோக்காரர் கடைசியில் போட்ட 'நன்றி, வணக்கம்' வரைக்கும் ஒரு துரும்பு குறையாது. விண்டோஸில் 'இம்க்பர்ன்'னு ஒரு பழைய இலவச சாஃப்ட்வேர் போதும். 2013-க்குப் பிறகு அதுக்குப் புது வெர்ஷன் வரலை, ஆனாலும் வேலை செய்யுது. இன்ஸ்டால் பண்றப்போ கூடவே ஒட்டிக்கிட்டு வர்ற தேவையில்லாத ஐட்டங்களுக்கு மட்டும் 'வேணாம்'னு சொல்லுங்க. நல்ல டிஸ்க்னா ஒரு டீ குடிச்சுட்டு வர்றதுக்குள் முடிஞ்சுடும். வந்த ஃபைலை வி.எல்.சி. பிளேயரில் திறந்தால், மெனுவோட அப்படியே ஓடும். நாளைக்கே வேணும்னா வேறொரு டிஸ்க்கில் எரிச்சும் கொடுக்கலாம். குறை? போனில் நேரா ஓடாது. டி.வி.யில் பென்டிரைவ் சொருகினாலும் பெரும்பாலும் முழிக்கும். சைஸும் பெரிசு, ஒரு லேயர் டிஸ்க்னா 4.7 ஜி.பி. வரைக்கும்.

மூணாவது, எம்.கே.வி. 'மேக் எம்.கே.வி.' என்ற சாஃப்ட்வேர் படத்தை மறுபடி பிழிந்து எடுக்காமல், இருக்கிறதை அப்படியே வேற பைக்கு மாத்தும். தரம் துளி குறையாது. டைட்டிலுக்கு ஒரு ஃபைல். மெனு மட்டும் போயிடும். சினிமா டிஸ்க் வச்சிருக்கிறவங்களுக்கு இது சுகம். படம் மட்டும் போதும்ல?

நாலாவதுதான் நான் பண்ணின எம்.பி.4. டி.வி.டி.யில் இருக்கிறது எம்.பெக்-2 என்ற 1990-கள் காலத்துச் சுருக்கம். அதைப் பிரிச்சு, எச்.264 மாதிரி புதுச் சுருக்கத்தில் மறுபடி கட்டுறாங்க. சைஸ் நல்லாக் குறையும், எல்லா போனிலும் ஓடும். ஆனா, ஏற்கெனவே ஒருமுறை பிழிந்த கரும்பை மறுபடி மெஷினில் விடுற கதை. போனது திரும்ப வராது. இதில் இன்னொரு கண்ணியும் இருக்கு. அந்தக் காலத்துக் கல்யாண கேமராக்கள் பெரும்பாலும் 'இன்டர்லேஸ்' முறையில் எடுத்தவை. நம்ம ஊர் பால் முறையில் விநாடிக்கு 25 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமும் ஒத்தைப்படை வரி தனி, ரெட்டைப்படை வரி தனின்னு ரெண்டு பாதியா, ரெண்டு வேற வேற கணத்தில் பதிவாகி இருக்கும். பழைய குண்டு டி.வி.யில் அது தெரியாது. கம்ப்யூட்டரில் பார்த்தால், மாலை மாத்துற கை சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக் கிழியும். 'டீஇன்டர்லேஸ்' என்ற வசதியை ஆன் பண்ணினாத்தான் சரியாகும். என் ஃபைலில் சித்தி கையை அசைக்கிறப்பல்லாம் சீப்பு வந்ததுக்கு இதான் காரணம். தரத்துக்கு 'ஆர்.எஃப்.'னு ஒரு எண் கேட்கும். டி.வி.டி. மாதிரி படத்துக்கு 18-ல் இருந்து 22-க்குள் வைங்கன்னு ஹேண்ட்பிரேக்காரங்களே சொல்றாங்க. எண் குறையக் குறைய தரம் கூடும். நான் வச்சது 30. பேசாமல் கரிக்கட்டையில் வரைஞ்சிருக்கலாம்.

அப்போ எதைத் தேர்ந்தெடுக்கிறது? சண்டை போட வேண்டாம் பாஸ், ரெண்டும் வேணும்! ஆனா, வரிசை முக்கியம். முதலில் ஐ.எஸ்.ஓ. எடுங்க. அது பெட்டியில் வைக்கிற பத்திரம். அப்புறம் அந்த ஐ.எஸ்.ஓ.வில் இருந்து, டிஸ்க்கைத் தொடாமலேயே, எம்.பி.4 பண்ணிக்கோங்க. அது சொந்தக்காரங்களுக்கு அனுப்புற ஜெராக்ஸ். ஜெராக்ஸ் கோணலா வந்தால் மறுபடி எடுத்துக்கலாம். நான் ஜெராக்ஸை வச்சுக்கிட்டு பத்திரத்தைப் பால்கனியில் கட்டினவ!

கடையில் வாங்கின சினிமா டிஸ்க் பத்தி ஒரு வார்த்தை. அதில் பலதுக்கும் 'சி.எஸ்.எஸ்.'னு ஒரு பூட்டு உண்டு. சும்மா காப்பி பண்ணினால் ஃபைல் வரும், படம் ஓடாது. அந்தப் பூட்டின் சாவி 40 பிட் நீளம்தான். 1999-ல் அதைத் திறக்கிற புரோகிராம் வெளிவந்தப்போ, அதில் சம்பந்தப்பட்ட நார்வே பையன் ஜான் ஜொஹான்சனுக்கு 15 வயசு! கேஸ் நடந்து, 2003-ல் விடுதலை ஆனார். நம்ம நாட்டில் 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, உரிமையை மீறும் நோக்கத்தில் இந்த மாதிரிப் பூட்டை உடைச்சால் ரெண்டு வருஷம் வரைக்கும் சிறைன்னு '65-ஏ' பிரிவைச் சேர்த்தாங்க. சொந்தமாப் பார்க்கிறதுக்கான நியாயமான பயன்பாட்டுக்கும் அதே சட்டத்தில் இடம் இருக்கு. எது எதில் அடங்கும்னு வாதாட நான் லா காலேஜ் இல்லை. ஹாஸ்டல் முழுக்க காப்பி போட்டுக் கொடுக்கிறது மட்டும் எந்தக் கணக்கிலும் நியாயம் ஆகாது. உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு இந்த வம்பே கிடையாது.

ஐ.எஸ்.ஓ. எடுத்தாச்சு, பென்டிரைவில் போடப் போறீங்க. 'ஃபைல் ரொம்பப் பெரிசு'ன்னு சொல்லும். 32 ஜி.பி. காலியா இருக்கேன்னு தலையைப் பிச்சுக்குவீங்க. பல பென்டிரைவ்கள் 'ஃபேட்32' முறையில் வரும். அதில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. உள்ளே இருக்கிறதை வேற இடத்தில் எடுத்து வச்சுட்டு, 'எக்ஸ்ஃபேட்'டில் ஃபார்மேட் பண்ணுங்க, சரியாகிடும். அப்படியே இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துடுறேன். டிஸ்க் மேலே 4.7 ஜி.பி.னு போட்டிருக்கும், விண்டோஸ் 4.38-ன்னு காட்டும். யாரும் ஏமாத்தலை. அவங்க ஆயிரம் ஆயிரமா எண்றாங்க, விண்டோஸ் 1024-ஆ எண்ணுது. 1 டி.பி. ஹார்டு டிஸ்க் ஒண்ணில் இந்த மாதிரி 200 டிஸ்க்குக்கு மேல் அடங்கும். தெருவில் நடந்த அத்தனை கல்யாணத்தையும் போடலாம். ஆனா, ஒரே ஹார்டு டிஸ்க்கில் போட்டு நிறுத்திடாதீங்க. இன்னொரு காப்பி சித்தப்பா வீட்டில் இருக்கட்டும்.

சரி, பால்கனிக்கு வருவோம்.

கடையில் வாங்குற சினிமா டிஸ்க்கும் கல்யாண டிஸ்க்கும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் பிறப்பு வேற. சினிமா டிஸ்க்கில் பள்ளங்களை அச்சிலேயே வார்த்து, அலுமினியம் பூசியிருப்பாங்க. கல்யாண டிஸ்க்கில் ஒரு சாயப் பூச்சு. ரைட்டரின் லேசர் அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாச் சுட்டுத்தான் எழுதுது. திருப்பிப் பாருங்க, அடிப்பக்கம் லேசா ஊதா அடிச்சால் அது சாய டிஸ்க். சாயம்னா வெயிலில் என்ன ஆகும்? கொடியில் காயுற சட்டைக்கு ஆகுறதுதான். பற்பசை தேய்ச்சால் சரியாகும்னு எதிர் வீட்டு அண்ணன் ஐடியா கொடுத்தார். மேலே விழுந்த கீறலுக்கு வேணா ஏதோ பண்ணும். உள்ளே வெளுத்த சாயத்துக்குப் பற்பசை என்னங்க பண்ணும்? நான் பண்ணினது மெல்லிய பருத்தித் துணியில் தூசியைத் துடைச்சது மட்டும். அதுவும் நடுவில் இருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில். வட்டமாத் தேய்க்கவே கூடாது. டேட்டா வட்டமாத்தான் ஓடுது. அதே திசையில் ஒரு கீறல் விழுந்தால், வரிசையா நிறைய போயிடும். குறுக்கே விழுந்த கீறலை டிஸ்க்கே சமாளிச்சுக்கும்.

எப்படி சமாளிக்கும்? இங்கேதான் எனக்குப் பொட்டில் அடிச்சுது. நான் படிக்கிறது இ.சி.இ. மூணாம் வருஷம். பாடத்தில் 'ரீட்-சாலமன் கோட்'னு ஒண்ணு வரும். 1960-ல் இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன்னு ரெண்டு பேர் வெளியிட்டது. 'இதை எதுக்குப் படிக்கிறோம்?'னு கடைசி பெஞ்சில் புலம்பியிருக்கேன். டி.வி.டி.யில் ஒவ்வொரு 32 கே.பி. டேட்டாவோடும் இந்தக் கோடைச் சேர்த்துத்தான் எழுதியிருக்காங்க. கொஞ்சம் அழிஞ்சால், மிச்சத்தை வச்சு அழிஞ்சதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சுடும். ரொம்ப அழிஞ்சால்தான் கை விரிக்கும். எங்க தாத்தாவைக் கணக்குப் போட்டுக் காப்பாத்திட்டு இருந்த பாடத்தைத்தான் நான் சாய்ஸில் விட்டிருந்தேன்!

எதிர் வீட்டு அண்ணனின் டிரைவ் பாதி தாண்டினதும் கரகரத்து நின்னுடுச்சு. டி.வி.டி. உள்ளே இருந்து வெளியே போற மாதிரிதான் எழுதப்படும். மூணாவது டைட்டில்னா விளிம்புப் பக்கம். டிஸ்க்கைத் துணியில் சுத்தி, காலேஜ் திறந்ததும் எங்க டிபார்ட்மென்ட் லேபுக்குக் கொண்டுபோனேன். அங்கே டி.வி.டி. டிரைவ் உள்ள பழைய கம்ப்யூட்டர்கள் மூலையில் இருக்கு. லேப் அண்ணன்கிட்ட விஷயத்தைச் சொன்னதும், ''தாத்தாவா? எடுத்துக்கோம்மா''ன்னு சாவியைக் கொடுத்துட்டார்.

பென்டிரைவில் இருந்து உபுண்டுவை ஓட்டி, 'டி.டி.ரெஸ்க்யூ'வைப் போட்டேன். (உபுண்டுவில் 'ஜி.டி.டி.ரெஸ்க்யூ'ன்னு தேடினால்தான் கிடைக்கும். நான் ஒரு மணி நேரம் முட்டிக்கிட்டேன்.) சாதாரண காப்பி, கெட்ட இடம் வந்தால் அங்கேயே உட்கார்ந்து அழும். இது, 'சரி, இப்போதைக்கு விடு'ன்னு தாண்டிப் போய், முதலில் நல்லதை எல்லாம் அள்ளிடும். எது கிடைச்சுது, எது கிடைக்கலைன்னு ஒரு மேப் ஃபைலில் எழுதி வச்சுக்கும். அப்புறம் திரும்பி வந்து, விட்டுப் போன இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாச் சுரண்டும். நடுவில் நிறுத்தலாம், மறுநாள் தொடரலாம். இதைவிட ஒரு அழகு... வேற டிரைவில் அதே டிஸ்க்கைப் போட்டு, அதே மேப் ஃபைலைக் கொடுத்தால், இல்லாததை மட்டும் தேடும். ஒரு டிரைவின் லேசருக்குத் தெரியாதது இன்னொண்ணுக்குத் தெரியலாம். எனக்குத் தெரிஞ்சுது. முதல் கம்ப்யூட்டரில் 97.8 சதவிகிதம். ரெண்டாவதில் 99.1. மூணாவதில், ராத்திரி முழுக்க ஓடவிட்டு, 99.6. அதுக்கு மேல் நகரவே இல்லை.

மத்த ரெண்டு டிஸ்க்கும் முழுசா வந்துடுச்சு. இந்த ஒண்ணில் மட்டும் மிச்சம் 0.4 சதவிகிதம். கேட்க அற்பமா இருக்கா? சுமார் 17 எம்.பி. எல்லாம் விளிம்பில். அதாவது, தாத்தா பேசுற நாலு நிமிஷத்தில்.

தீபாவளி லீவில் வீட்டு டி.வி.யில் லேப்டாப்பை இணைச்சுப் போட்டேன். இதயம் சுத்துற மெனு வந்துச்சு. 'வாழ்த்துரை'. தாத்தா மைக்கைத் தட்டிப் பார்த்தார். ''ரெண்டு பேருக்கும் டிக்கெட்...'' முகம் கட்டம் கட்டமா உடைஞ்சுது. எம்.பெக்-2-வில் ஒரு இடம் அழிஞ்சால், அடுத்த முழு ஃபிரேம் வர்ற வரைக்கும் படம் தேறாது. சுமார் அரை விநாடி. சத்தம் அப்படி இல்லை. சின்னச் சின்னத் துண்டா இருக்கிறதால, ஒரு துண்டு போனாலும் அடுத்தது உடனே தேறிடும். அதனால, அவர் விசிலை வாயில் வைக்கிற இடத்தில் திரையில் வெறும் பச்சையும் சாம்பலுமா சதுரங்கள். விசில் மட்டும் முழுசாக் கேட்டுது. நீளமா ஒண்ணு, குட்டையா ரெண்டு.

''அப்பா பஸ் எடுக்கச் சொல்றப்போ இப்படித்தான் ஊதுவார்''னார் எங்க அப்பா. ''இன்னொரு தடவை போடும்மா.''

ஐ.எஸ்.ஓ. இப்போ என் ஹார்டு டிஸ்க்கில் ஒண்ணு, சித்தப்பா வீட்டில் ஒண்ணு. மூணு டிஸ்க்கையும் கவரில் போட்டு பீரோவில் நிற்க வச்சிருக்கேன், தூக்கிப் போடலை. பால்கனியில் பிரிண்டரோட வந்த டிரைவர் சி.டி. தொங்குது. புறா அதன் மேலேயே வந்து உட்காருது.